மெக்கன்சி சுவடிகள்: சேகரித்தவர்களும் எழுதிய மொழியும்

தாமஸ் ஹிக்கி என்னும் ஓவியர் 1816ஆம் ஆண்டு சென்னையில் தீட்டிய எண்ணெய் ஓவியம் ஒன்று இலண்டனில் பிரித்தானிய நூலகச் சேகரிப்பில் உள்ளது. சிவப்புச் சீருடை அணிந்த கர்னல் காலின் மெக்கன்சி நடுவில் நிற்கிறார். அவரைச் சுற்றி இந்தியர் மூவர் உள்ளனர். ஒருவர் கையில் ஓலைச்சுவடி, இன்னொருவர் கையில் தொலைநோக்கி. பின்னணியில் தொலைவில் கோமடேசுவரர் சிலை தெரிகிறது. நடுவில் நிற்பவர் யார் என்பதில் எவருக்கும் ஐயம் எழுந்ததில்லை. மற்ற மூவர் யார் என்பதை ஆய்வாளர்கள் கடிதங்களையும் அலுவலகக் குறிப்புகளையும் ஒப்பிட்டே ஊகிக்க வேண்டியிருந்தது.

தென்னிந்திய வரலாற்றுக்கான மிகப் பெரிய ஆவணத் தொகுப்பு இன்றும் "மெக்கன்சி சுவடிகள்" என்றே அழைக்கப்படுகிறது. தொகுத்தவரின் பெயரால் தொகுப்பை அழைப்பது உலக வழக்கு; அதில் பிழை காண்பதற்கில்லை. ஆயினும் அந்தப் பெயருக்குப் பின்னே மறைந்துபோன இரண்டைப் பற்றிப் பேச வேண்டியுள்ளது. ஒன்று, ஊர் ஊராகச் சென்று அவற்றைச் சேகரித்தவர்களின் உழைப்பு. மற்றொன்று, அவை எழுதப்பட்ட மொழி. முதலாவதைப் பற்றிக் கடந்த முப்பது ஆண்டுகளில் நிறையவே எழுதப்பட்டுவிட்டது. இரண்டாவது, குறிப்பாகத் தமிழைப் பொறுத்தவரை, இன்னும் பெருமளவு தொடப்படாமல் கிடக்கிறது.

தொகுப்பு உருவான கதை

காலின் மெக்கன்சி ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவிலுள்ள ஸ்டோர்னவே என்னும் ஊரில் 1754ஆம் ஆண்டு பிறந்தவர். அங்குச் சுங்க அலுவலராகப் பணியாற்றிய பின், 1783இல் கிழக்கிந்தியக் கும்பினியின் படை அலுவலராகச் சென்னைக்கு வந்தார். மடக்கையைக் கண்டறிந்த ஜான் நேப்பியரின் வரலாற்றை எழுத அவர் குடும்பத்தார் எண்ணியிருந்தனர். கணக்கியல் பற்றிய இந்திய மரபுகளைத் திரட்டித் தரும் பொருட்டு மெக்கன்சி மதுரைக்குச் சென்று சில காலம் தங்கினார். பழம்பொருள்களிலும் ஏடுகளிலும் அவருக்கு ஆர்வம் பிறந்தது அங்குத்தான் என்று பிற்காலக் கடிதம் ஒன்றில் அவரே கூறுகிறார்.

ஆர்வம் இருந்தும் மொழி இல்லை. இந்திய மொழி எதையும் முறையாகக் கற்க நேரம் வாய்க்கவில்லை என்பதை 1817இல் அலெக்சாண்டர் ஜான்ஸ்டனுக்கு எழுதிய கடிதத்தில் அவர் மறைக்காமல் ஒப்புக்கொள்கிறார். இலங்கைப் படையெடுப்பிலிருந்து திரும்பியபின் 1796இல் காவலி வெங்கட போரய்யாவைச் சந்தித்ததே தம் தேடலின் உண்மையான தொடக்கம் என்பதும் அக்கடிதத்தில் பதிவாகியுள்ளது. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்ததும் மைசூர் நில அளவைப் பணி மெக்கன்சியிடம் ஒப்படைக்கப்பட்டது. நிலத்தை அளந்த அதே ஆண்டுகளில் அவருடைய உதவியாளர்கள் கோயில்களிலும் மடங்களிலும் கணக்கர் வீடுகளிலும் ஏடுகளைத் தேடினர். 1811 முதல் 1813 வரை சாவகத்தில் இருந்த மெக்கன்சி அங்கிருந்தும் டச்சு, சாவக மொழி ஆவணங்களைக் கொண்டுவந்தார். 1815இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளராக நியமிக்கப்பட்டார். 1821 மே 8 அன்று மறைந்தார்.

அவர் மனைவியிடமிருந்து கும்பினி அரசு ஒரு இலட்சம் ரூபாய் கொடுத்து இத்தொகுப்பை வாங்கியது. எச். எச். வில்சன் 1828இல் கல்கத்தாவில் வெளியிட்ட விளக்க அட்டவணை அதன் அளவைக் காட்டுகிறது: இலக்கியச் சுவடிகள் 1,568, ஊர் வரலாறுகள் அடங்கிய தொகுதிகள் 264, அவற்றுள் தனித்தனிக் குறிப்புகள் 2,070, கல்வெட்டுப் படிகள் 8,076, மொழிபெயர்ப்புகள் 2,159, வரைபடங்கள் 79, சித்திரங்கள் 2,630, நாணயங்கள் 6,218. அமராவதியில் அழிந்துபோன சிற்பங்கள் பலவற்றை இன்று நாம் அறிவது இக்குழுவினர் வரைந்து வைத்த படங்களால்தான்.

கைபீது எழுதியவர்கள்

போரய்யா ஏலூரைச் சேர்ந்த நியோகி அந்தணர். அரசர்களிடமும் நவாபுகளிடமும் எழுத்துப் பணியாற்றிய மரபினர் நியோகிகள். பழைய ஆவணத்தைப் படித்து, அதன் காலத்தையும் நம்பகத்தன்மையையும் மதிப்பிட்டு, உரிமை வழக்கில் பயன்படுத்தும் பயிற்சி அம்மரபில் முன்பே இருந்தது. ஆர்க்காட்டு நவாபின் நிர்வாகத்தில் வளர்ந்த இத்திறனே கும்பினியின் வரலாற்று ஆய்வுக்குள் நுழைந்தது என்று பிலிப் வேகனர் 2003இல் எழுதிய கட்டுரையில் வாதிட்டார். ஐரோப்பியர் கற்றுக்கொடுத்து இந்தியர் செய்தனர் என்ற பழைய எண்ணத்தையும், ஐரோப்பியர் கேட்டதை மட்டும் இந்தியர் எடுத்துக் கொடுத்தனர் என்ற எதிர் எண்ணத்தையும் ஒருசேரத் திருத்தியது அக்கட்டுரை.

சமண அறிஞர் தர்மய்யாவின் துணையுடன் பழங்கன்னடக் கல்வெட்டுகளைப் படிக்கும் வழி திறந்தது. சமணர் பற்றிப் போரய்யா மொழிபெயர்த்த குறிப்பு "ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ்" ஒன்பதாம் தொகுதியில் அவர் பெயருடனேயே அச்சாயிற்று. 1803இல், முப்பது வயதை எட்டாமலே, போரய்யா மறைந்தார். அவர் தம்பி லட்சுமய்யா தலைமைப் பொறுப்பை ஏற்றார். இன்னொரு தம்பியான ராமசாமி 1829இல் தக்காணப் புலவர்களின் வாழ்க்கைக் குறிப்புகளை ஆங்கிலத்தில் நூலாக்கிக் கல்கத்தாவில் வெளியிட்டார். யாழ்ப்பாணத்தில் சைமன் காசிச்செட்டியின் "தமிழ் புளூட்டாக்" வெளிவந்தது அதற்கு முப்பது ஆண்டுகள் கழித்து, 1859இல்.

லட்சுமய்யாவின் கீழ் நாராயண ராவ், ஆனந்த ராவ், பாபு ராவ், அப்பாவு, நித்தல நைனா முதலியோர் வெவ்வேறு வட்டாரங்களுக்கு அனுப்பப்பட்டனர். எங்குச் சென்றனர், யாரைச் சந்தித்தனர், எந்த ஏடு கிடைத்தது, எது மறுக்கப்பட்டது என்று அவர்கள் தலைமையிடத்துக்கு அறிக்கை எழுதினர். இவ்வறிக்கைகள் இலண்டனில் மொழிபெயர்ப்புத் தொகுதிகளுள் ஒரு தனி வகுப்பாகவே உள்ளன. ஊர்க்கணக்கர் பலர் இவர்களை வரி உயர்த்த வந்த ஒற்றர் என்று அஞ்சினர். ஊர்க்கணக்கு வெளியே போனால் மானிய நிலம் போகும் என்ற அச்சம் காரணமற்றதும் அன்று. பாளையக்காரர்களின் நிலை வேறு. 1799 முதல் 1801 வரை நடந்த போர்களில் அதிகாரத்தை இழந்தோரும் இழக்கும் நிலையில் இருந்தோரும், பழைய உரிமையைக் கும்பினி ஏற்கும் என்ற நம்பிக்கையில் தம் வம்சாவளியை எழுதிக் கொடுத்தனர். தென்பாண்டி நாட்டு வம்சாவளிகள் பலவற்றில் காணப்படும் பெருமித நடைக்கும் முறையீட்டு நடைக்கும் இதுவே பின்னணி.

ஆகவே "கைபீது" என்னும் இவ்வகை ஆவணத்தைப் பழங்கால வரலாறாக மட்டும் படித்தால் பாதியே புரியும். 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஓர் ஊரார், ஒரு புதிய அரசின் முன்னே, தம்மைப் பற்றி எதைச் சொல்ல விரும்பினர், எதைச் சொல்லாமல் விட்டனர் என்பதற்கும் அதுவே சான்று. தொண்டை மண்டலத்தின் குறும்பர் கோட்டைகள் பற்றியும், புழல் கோட்டையில் ஆதொண்டைச் சோழன் பெற்ற வெற்றி பற்றியும் இத்தொகுப்பில் உள்ள கதைகளை இவ்வாறு படிக்கும்போது, அவை வேளாளர் நில உரிமையின் தோற்றக் கதைகளாகவும் விளங்குகின்றன.

தலைவர் மறைந்த பின்

மெக்கன்சி மறைந்ததும் தொகுப்பு பிரிந்தது. ஒரு பகுதி இலண்டனுக்குக் கப்பலேறியது. தென்னிந்திய மொழிச் சுவடிகளும் ஊர் வரலாறுகளும் கல்வெட்டுப் படிகளும் சென்னைக்கு வந்தன. அட்டவணை செய்த வில்சன் சமற்கிருத அறிஞர். தென்மொழிகளை அறிந்தவர் அல்லர். மெக்கன்சியின் உதவியாளர்கள் எழுதி வைத்திருந்த சுருக்கங்களையும் ஆங்கில மொழிபெயர்ப்புகளையும் நம்பியே அவர் வேலை செய்தார். தமிழ் ஆவணம் ஆங்கிலச் சுருக்கத்தின் வழியாக அட்டவணைக்குள் நுழைந்ததும், அட்டவணையின் வழியாக ஆய்வுலகுக்கு அறிமுகமானதும் அப்போதே நிலைபெற்றுவிட்டன.

லட்சுமய்யா பணியைத் தொடர விரும்பினார். சென்னையில் இந்து இலக்கியச் சங்கம் ஒன்றின் தலைவராக இருந்த அவர், எஞ்சிய மொழிபெயர்ப்பையும் சேகரிப்பையும் தம் பொறுப்பில் நடத்த அரசிடம் அனுமதி கேட்டார். விண்ணப்பம் கல்கத்தாவிலுள்ள வங்காள ஆசியக் கழகத்தின் கருத்துக்கு அனுப்பப்பட்டது. 1836இல் கழகத்தின் குழு அளித்த பதில் சாதகமாக இல்லை. ஜேம்ஸ் பிரின்செப் அப்போது கழகத்தின் செயலாளர். உதவியாளராக லட்சுமய்யா பயன்படுவார்; ஆனால் சான்றுகளை எடைபோட்டுப் பொதுமுடிவு காணும் தலைமை அறிவு வேறு வகையினது என்பதே பதிலின் சாரம். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அச்சுவடிகளோடு வாழ்ந்தவரைப் பற்றிய முடிவு அது. அடுத்த ஆண்டே, 1837இல், பிரின்செப் பிராமி எழுத்தைப் படித்து உலகப் புகழ் பெற்றார். அப்பணியில் கமலாகாந்த வித்யாலங்கார் முதலிய பண்டிதர்களின் துணை அவருக்கு இருந்தது.

சென்னையில் இருந்த சுவடிகளை ஆராயும் பொறுப்பு வில்லியம் டெய்லர் பாதிரியாரிடம் போனது. அவர் உழைப்பைக் குறைத்து மதிப்பிட முடியாது. 1857க்கும் 1862க்கும் இடையே அவர் வெளியிட்ட மூன்று தொகுதி அட்டவணை இன்றும் பயன்படுகிறது. சிதைந்துகொண்டிருந்த ஊர் வரலாறுகளைப் படியெடுத்துக் காத்ததில் சி. பி. பிரௌனின் பங்கும் பெரிது. ஆனால் எந்த ஏடு எந்த ஊரில், யாரிடமிருந்து, எந்த நிலையில் வந்தது என்ற அறிவு லட்சுமய்யாவின் தலைமுறையோடு பெரும்பகுதி போய்விட்டது.

இக்காலச் சென்னையில் இன்னொரு தொகுப்புக்கு நேர்ந்த கதி இதைவிடக் கொடியது. தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்பதை 1816இல், கால்டுவெல்லுக்கு நாற்பது ஆண்டுகள் முன்பே, அச்சில் நிறுவியவர் எஃப். டபிள்யூ. எல்லிஸ். பட்டாபிராம சாஸ்திரியும் சங்கரய்யாவும் அவருக்குத் துணைநின்றனர். 1819இல் இராமநாதபுரத்தில் எல்லிஸ் திடீரென மறைந்தபின், அவருடைய கையெழுத்துப் படிகளில் பெரும்பகுதி மதுரையில் ஒரு வீட்டுச் சமையலறையில் அடுப்பு மூட்டப் பயன்பட்டு அழிந்தது என்றொரு செய்தி உண்டு. அதனோடு ஒப்பிட்டால் மெக்கன்சியின் சுவடிகள் பிழைத்தன. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தின் அடித்தளமே இவைதாம்.

மெக்சிகோவில் நடந்தது

இச்சிக்கல் தென்னிந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. ஸ்பெயின் ஆண்ட அமெரிக்க நாடுகளின் வரலாற்றில் இதற்கு நெருங்கிய இணைகள் உள்ளன. அங்கு ஆய்வாளர்கள் கண்ட தீர்வு நமக்குப் பயன்படக்கூடியது.

1577இல் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்பின் அரசு ஐம்பது வினாக்கள் கொண்ட பட்டியல் ஒன்றை அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு அனுப்பியது. ஊரின் பெயர், பெயர்க் காரணம், மொழி, பழைய அரசர், வழிபாடு, நீர், நிலம் என்று வினாக்கள் நீண்டன. விடைகளோடு வந்த வரைபடங்களில் பல உள்ளூர் ஓவியர்கள் தம் மரபில் தீட்டியவை. மெக்கன்சியின் உதவியாளர் ஊர்க்கணக்கரிடம் கேட்ட வினாக்களை அறிந்தவருக்கு இப்பட்டியல் அந்நியமாகத் தோன்றாது.

அதே காலத்தில் பிரான்சிஸ்கன் துறவி பெர்நார்தினோ டி சாஹாகுன் நஹுவா மக்களின் வாழ்வைப் பன்னிரண்டு நூல்களாகத் தொகுத்தார். பக்கத்தின் ஒரு பத்தியில் நஹுவா மொழி, மறு பத்தியில் ஸ்பானியம். ஸ்பானியப் பத்தி நேர் மொழிபெயர்ப்பு அன்று. பல இடங்களில் சுருங்கியும் சில இடங்களில் விலகியும் செல்கிறது. தமக்குத் துணைநின்ற நஹுவா அறிஞர் நால்வரை, அந்தோனியோ வலேரியானோ முதலாக, அவர் முன்னுரையில் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். ஆயினும் நூல் நெடுங்காலம் சாஹாகுனின் நூலாகவே வாசிக்கப்பட்டது.

லொரென்சோ போத்துரினி என்னும் இத்தாலியரின் கதை துயரமானது. 1736இல் மெக்சிகோ சென்ற அவர், பழங்குடியினரின் சித்திர ஏடுகளையும் நஹுவா மொழி ஆவணங்களையும் பெருமுயற்சியுடன் திரட்டினார். 1743இல் அரசு அவரைச் சிறையிலிட்டுத் தொகுப்பைப் பறிமுதல் செய்தது. ஸ்பெயினுக்கு அனுப்பப்பட்ட பின், 1746இல் அவர் வெளியிட்ட நூலில் இணைத்த அட்டவணையைப் பெரும்பாலும் நினைவிலிருந்தே எழுத வேண்டியிருந்தது. மெக்சிகோவிலேயே தங்கிவிட்ட ஏடுகள் ஈரத்திலும் திருட்டிலும் சிதறின.

இருபதாம் நூற்றாண்டில் இத்துறையில் நிகழ்ந்த திருப்பமே நமக்கு முதன்மையானது. சார்லஸ் கிப்சன் 1964இல் வெளியிட்ட, ஸ்பானிய ஆட்சியில் அஸ்டெக்குகள் பற்றிய பெருநூல் முதன்மையாக ஸ்பானிய ஆவணங்களின்மேல் நின்றது. அவருக்குப் பின் வந்த ஜேம்ஸ் லாக்ஹார்ட் வேறு கேள்வி கேட்டார். நஹுவா மக்கள் உரோம எழுத்தைக் கற்றுத் தம் மொழியிலேயே எழுதிய உயில்கள், நில விற்பனைப் பத்திரங்கள், ஊரவைக் குறிப்புகள் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றனவே, அவற்றை ஏன் படிக்கக் கூடாது? 1976இல் மொழியியலாளர் பிரான்சிஸ் கார்ட்டுனெனோடு சேர்ந்து, அவ்வாவணங்களில் கலந்த ஸ்பானியச் சொற்களைக் காலவரிசைப்படி ஆராய்ந்தார். முதல் தலைமுறையில் கடன்சொற்கள் மிக அரிது. புதிய பொருளுக்கும் நஹுவா மொழியிலேயே பெயர் புனைந்தனர். பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து ஸ்பானியப் பெயர்ச்சொற்கள் பெருகின. பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் வினைச்சொற்களும் இடைச்சொற்களும் நுழைந்தன. ஸ்பானிய வினையோடு நஹுவா விகுதி ஒன்றைச் சேர்த்துப் புது வினை ஆக்கும் வழி உருவாயிற்று. மொழியின் இம்மூன்று படிகளும் சமூக மாற்றத்தின் படிகளோடு பொருந்துவதை லாக்ஹார்ட் 1992இல் வெளியிட்ட நூலில் விரிவாகக் காட்டினார்.

வெற்றியாளரின் மொழியில் உள்ள ஆவணம் காட்டாத ஒன்றை மக்களின் மொழியிலுள்ள ஆவணம் காட்டியது. ஆட்சி மாறிய பின்னும் நஹுவா ஊரமைப்பு எவ்வளவு காலம் உயிரோடிருந்தது என்பதே அது.

சுவடிகளின் தமிழ்

மெக்கன்சி சுவடிகளின் தமிழை இவ்வகையில் படித்தவர் மிகச் சிலர். வரலாற்று மாணவர் பெரும்பாலும் கையிலெடுப்பது டி. வி. மகாலிங்கம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வழி வெளியிட்ட சுருக்கங்களை. 1972இல் வந்த முதல் தொகுதியில் தமிழ், மலையாளச் சுவடிகளும், 1976இல் வந்த இரண்டாம் தொகுதியில் தெலுங்கு, கன்னட, மராத்தியச் சுவடிகளும் சுருக்கித் தரப்பட்டுள்ளன. அவை இன்றியமையாத நூல்கள். ஆனால் அவை ஆங்கிலச் சுருக்கங்கள். அரசர் பெயரும் ஆண்டும் போரும் சுருக்கத்தில் நிற்கும். சொன்னவரின் நடை நிற்காது.

மூலத்தை எடுத்தால் முதலில் எழுத்தே தடுக்கும். அக்காலக் கையெழுத்து வழக்கில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் வரிவடிவில் இல்லை. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோல் நிற்கும். சொற்களுக்கிடையே இடம் விடும் பழக்கமும் உறுதியாக இல்லை. ஆண்டு சில இடங்களில் கலியுகக் கணக்கில், சில இடங்களில் சாலிவாகன சகாப்தத்தில், சில இடங்களில் பசலியில், பல இடங்களில் அறுபதாண்டுச் சுழற்சியின் பெயரால் மட்டும் வரும். நில அளவையும் நெல் அளவையும் குறியீடுகளில் வரும்.

இவற்றைக் கடந்தால் கிடைப்பது அரியதோர் உரைநடை. தமிழ் உரைநடையின் வளர்ச்சியைப் பேசும்போது வைணவ, சைவ உரையாசிரியர்களிலிருந்து பாதிரிமாருக்கும், அவர்களிடமிருந்து ஆறுமுக நாவலருக்கும் தாவுவது நம் வழக்கம். இடையில் ஊர்க்கணக்கரும் குமாஸ்தாவும் எழுதிய அலுவல் உரைநடைக்கு அவ்வரலாற்றில் இடம் தரப்படவில்லை. அந்நடையில் சர்க்கார், தாலுகா, அமில்தார், மிராசு, பேஷ்குஷ், கும்பினி என்று அரபு, பாரசீக, ஐரோப்பியப் பெயர்ச்சொற்கள் நிரம்பியுள்ளன. "கைபீது" என்ற பெயரே அரபுச் சொல்லின் திரிபு. வினையைப் பொறுத்தவரை தமிழ் வேறு வழியைத் தேர்ந்தது. வசூல், ஜப்தி, ரத்து, தாக்கல் போன்ற பெயர்களை எடுத்துக்கொண்டு, "பண்ணு" அல்லது "செய்" என்னும் தமிழ் வினையைச் சேர்த்தது. நஹுவா மொழியில் விகுதி செய்த வேலையைத் தமிழில் துணைவினை செய்தது. இவ்வழக்கு எந்த வட்டாரத்தில், எந்த வகை ஆவணத்தில், எவ்வளவு விரைவாகப் பரவியது என்பது தெரிந்தால், நவாபு ஆட்சியும் கும்பினி ஆட்சியும் ஊர்களுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கின என்பதற்குப் புதியதோர் அளவுகோல் கிடைக்கும்.

அச்சேறியவை சிலவே. "கொங்கு தேச ராஜாக்கள்" என்னும் தமிழ் உரைநடை நூல் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஐரோப்பிய ஆய்வாளர்களின் கவனத்தைப் பெற்றது. ஜான் டௌசன் 1846இல் சேர வரலாறு எழுத அதைப் பயன்படுத்தினார். பின்னர் ஃபிளீட் அதைக் கங்கர் காலக்கணிப்புக்கு உதவாத ஏடு என்று தள்ளினார். காலக்கணிப்பில் ஃபிளீட் சொன்னது நியாயமே. ஆனால் தள்ளப்பட்டபோது, கொங்கு நாட்டார் தம் பழைமையை எவ்வாறு அடுக்கி நினைவில் வைத்திருந்தனர் என்ற சான்றும் கூடவே தள்ளப்பட்டது. செஞ்சியைச் சேர்ந்த நாராயணன், மக்லியாடு என்னும் அலுவலரின் வேண்டுகோளுக்கிணங்க 1803ஐ ஒட்டி எழுதிய "கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்" நற்பேறு பெற்றது. சி. எஸ். சீனிவாசாச்சாரி 1943இல் வெளியிட்ட செஞ்சி வரலாற்றில் அதற்கு உரிய இடம் கிடைத்தது. இவ்விரண்டின் நடையையும் மொழியியல் நோக்கில் முழுமையாக ஆராய இன்றும் இடமிருக்கிறது.

எல்லையில் இருக்கும் ஊர்கள்

மொழிவாரியாகச் சுவடிகளைப் பிரித்த அட்டவணையின் குறை, எல்லைப்பகுதிகளில்தான் வெளிப்படையாகத் தெரியும். சென்னையிலிருந்து வடக்கே நெல்லூர் செல்லும் சாலையில், காளங்கி ஆற்றங்கரையில், பழவேற்காட்டு ஏரிக்கு மேற்கே உள்ளது சூளூர்பேட்டை. செங்காளம்மன் கோயிலுக்கு இரு மொழியினரும் வருகின்றனர். கடைத்தெருவில் ஒரே வாக்கியத்தில் இரு மொழியும் ஒலிக்கும். 1953 வரை இவ்வூர் சென்னை மாநிலத்தின் நெல்லூர் மாவட்டத்தில் இருந்தது, அதன்பின் ஆந்திரத்தில், 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில். தென்மேற்கே உள்ள சத்தியவேடு செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. படாஸ்கர் பரிந்துரைப்படி 1960இல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சத்தியவேடு ஆந்திரத்துக்குச் சென்றது.

மெக்கன்சியின் உதவியாளர் நடந்த காலத்தில் இக்கோடுகள் எதுவும் இல்லை. தமிழகத்து அரசர், ஊர்கள் பற்றிய குறிப்புகள் தெலுங்கிலும் மராத்தியிலும் எழுதப்பட்டன. ஊரார் பேசிய மொழி ஒன்றாகவும், கணக்கர் எழுதிய மொழி வேறாகவும், அனுப்பப்பட்ட மொழிபெயர்ப்பு ஆங்கிலமாகவும் இருப்பது இயல்பு. இன்று தமிழ் ஆய்வாளர் முதல் தொகுதியோடு நின்றுவிடுகிறார். தெலுங்கு ஆய்வாளர் இரண்டாம் தொகுதியை எடுக்கிறார். ஒரே நிலப்பகுதியின் இரு பாதிகளை இருவரும் தனித்தனியே முழுமை என்று கொள்கின்றனர்.

கல்வெட்டுகள் இப்பிரிவினைக்கு இடம் தருவதில்லை. நெல்லூரிலிருந்து ஆண்ட தெலுங்குச் சோடர் அவையில்தான் திக்கன்னர் பாரதத்தைத் தெலுங்கில் பாடினார். அதே மரபினர் காஞ்சிப் பகுதியில் வெட்டிய சாசனங்கள் தமிழில் உள்ளன. நெல்லூர் மாவட்டத்தின் தென்பகுதிக் கல்வெட்டுகளிலும் தமிழ்ச் சாசனங்கள் கணிசமானவை. அவற்றை மூன்று தொகுதிகளாக 1905இல் வெளியிட்டவர்கள் ஆலன் பட்டர்வொர்த்தும் வேணுகோபால் செட்டியும். தலைப்புப் பக்கத்தில் இருவர் பெயரும் இணையாக அச்சாகியுள்ளன. லட்சுமய்யாவின் விண்ணப்பம் மறுக்கப்பட்டு அப்போது அறுபத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

இனிச் செய்ய வேண்டியவை

நிக்கலஸ் டர்க்ஸ், தாமஸ் டிரவுட்மன், ரமா மந்தேனா, ஜெனிபர் ஹவ்ஸ் முதலியோரின் ஆய்வுகளால் காவலி சகோதரர்களின் பெயர் இன்று ஆங்கில ஆய்வுலகில் நன்கு அறியப்பட்டுள்ளது. அவ்வாய்வுகளின் முதன்மைச் சான்றுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ள கடிதங்களும் அறிக்கைகளும் மொழிபெயர்ப்புகளுமே. சேகரித்தவர்களின் பெயரை மீட்டது அவற்றின் சாதனை. சொன்னவர்களின் மொழியை மீட்பது தமிழறிந்தவர்கள் செய்ய வேண்டிய வேலை.

அதற்குத் தேவையானவை பெரிய கோட்பாடுகள் அல்ல. தமிழ்க் கைபீதுகளைச் சுருக்காமல், எழுத்துப்பிழை என்று திருத்தாமல், மூல வரிவடிவத்தோடு ஒரு படியும் இன்றைய வரிவடிவத்தில் ஒரு படியுமாக வெளியிட வேண்டும். ஒவ்வொரு கைபீதும் யாரால், எந்த ஊரில், யாரிடம் கேட்டு எழுதப்பட்டது என்பதை இலண்டனிலுள்ள உதவியாளர் அறிக்கைகளோடு ஒப்பிட்டு, சேகரித்தவர் பெயர்வாரியாக ஓர் அடைவு செய்ய வேண்டும். எல்லைப் பகுதிகளுக்குத் தமிழும் தெலுங்கும் அறிந்தோர் இணைந்து, ஊர்வாரியாக ஒரே அடைவு ஆக்க வேண்டும். வரலாற்றுத் துறையும் மொழியியல் துறையும் ஒரே மேசையில் அமராமல் இவற்றில் எதுவும் நடவாது. மெக்சிகோ வரலாற்றில் அத்திருப்பம் நிகழ்ந்தது ஒரு வரலாற்றாசிரியரும் ஒரு மொழியியலாளரும் சேர்ந்து கடன்சொற்களை எண்ணத் தொடங்கியபோதுதான்.

மெக்கன்சி திரட்டிய காலத்தில் அத்தாள்களுக்கு வயது சில மாதங்களே. இன்று இருநூறு ஆண்டுகளைக் கடந்துவிட்டன. மை அரித்த தாள் மேலும் ஒரு தலைமுறை காத்திருக்குமா என்பது ஐயமே. ஹிக்கியின் ஓவியத்தில் ஓலைச்சுவடியோடு நிற்பவரின் பெயரைக் கண்டுபிடிக்க இத்தனை ஆண்டுகள் ஆயின. அந்தச் சுவடியில் எழுதியிருப்பதை எழுதியவரின் மொழியிலேயே படிப்பது அடுத்த வேலை.